மூன்றாவது முறை நீர்க்கடுப்பு என்று வருகிறவளைத் தொட்டுப் பாருங்கள்

சேலம் மாவட்டத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளி பார்க்கும் டாக்டர்களுக்கும், எங்கள் சேர்வராயன் மலையில் ஊர் ஊராக ஏறி இறங்கும் நர்சம்மாக்களுக்கும் வணக்கம்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. யூரித்ரல் டைவர்டிகுலம் என்று நீங்கள் சொல்லும், சிறுநீர் வெளியே வரும் குழாயோடு ஒட்டி ஒரு பை உருவாகிவிடும் நோயோடு சில வருஷம் அல்லாடி, அறுவை சிகிச்சை செய்துகொண்டு இப்போது நன்றாக இருக்கிறேன். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், எனக்கும் அது சரி என்றே பட்டது. அதே மாதிரி நான் பார்த்த டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள் பெயரும் இதில் இருக்காது. யாரையும் இழுத்து வைத்துக் கேள்வி கேட்க இதை எழுதவில்லை.

கேட்பது ஒன்றுதான். நீர்க்கடுப்பு, எரிச்சல், அடிக்கடி யூரின் வருகிறது என்று ஒரு பெண் மூன்றாவது முறையாக உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால், அடுத்த ஆன்டிபயாடிக்கை எழுதும் முன் கையுறை போட்டு யோனியின் முன்சுவரை விரலால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். வலிக்கிற வீக்கம் ஏதாவது இருக்கிறதா, லேசாக அழுத்தினால் சிறுநீர்த் துவாரத்தில் சீழோ தேங்கிய சிறுநீரோ வருகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. எனக்கு அதைச் செய்த முதல் டாக்டர்தான் நோயின் பெயரைச் சொன்னார். அவருக்கு முன்னால் பார்த்தவர்களும் நல்லவர்கள்தான். கேட்டார்கள், எழுதினார்கள், அனுப்பினார்கள். தொட்டுப் பார்க்கவில்லை.

உங்கள் பாடத்தை உங்களுக்கே ஒப்பிக்கிறாளே என்று நினைக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பெண்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மூத்திரப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்களுக்கு மொத்தமே 4 சென்டிமீட்டர் போல நீளம். அதைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் கிருமி தொற்றி, வாய் அடைத்து, சீழ் கோத்துக்கொண்டு, கடைசியில் குழாய்க்குள்ளேயே உடைத்துக்கொள்கிறது. பெரும்பாலோருக்கு இப்படித்தான் தொடங்குகிறது என்கிறார்கள். சீழ் வடிந்த பிறகும் அந்த இடம் தூர்ந்து போவதில்லை. வாய்க்கால் கரை உடைந்து பக்கத்து வயலில் குட்டை கட்டிக்கொண்ட மாதிரி, நீர் ஓடும்போதெல்லாம் கொஞ்சம் உள்ளே போய்த் தங்குகிறது. தங்கினது கெடும், நாறும், மறுபடி கிருமி வளரும். எழுந்து நடந்தால் சொட்டும். மாத்திரை சாப்பிட்டால் கிருமி அடங்கும், பை அங்கேயேதான் இருக்கும். மாத்திரை முடிந்து கொஞ்ச நாளில் எல்லாம் திரும்பி வருவது அதனால்தான்.

கல்லூரியில் இதற்கு மூன்று அடையாளம் சொல்லித் தருவார்களாம்: கழிக்கும்போது எரிச்சல், கழித்த பிறகு சொட்டுவது, உடலுறவில் வலி. மூன்றும் ஒன்றாக இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று எனக்கு அறுவை செய்த டாக்டர் சொன்னார். ஒருத்திக்கு அடிக்கடி முட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான். இன்னொருத்திக்கு ரத்தம் கலந்து போகும். வேறொருத்திக்குக் குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்படும். ஒரு தொந்தரவும் இல்லாமல், வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தெரிய வந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 60 வயதுக்குள் வருகிறது. ஆக, மூன்று அடையாளமும் சேரட்டும் என்று நீங்கள் காத்திருந்தால் எங்களில் முக்கால்வாசிப் பேர் உங்கள் கையைத் தாண்டிப் போய்விடுவோம்.

இது ரொம்ப அபூர்வமான வியாதி, அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்குப் பலர் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. வில்லியம் ஹே என்கிற இங்கிலாந்து சர்ஜன் 1805-இலேயே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பின் நூற்றைம்பது வருஷம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பதிவானது. 1956-இல் டேவிஸ், சியான் என்று இரண்டு பேர், குழாயின் இரு முனையையும் பலூனால் அடைத்து நடுவில் சாயத்தை ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார்கள். அப்புறம் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அந்த வருஷத்தில் பெண்கள் உடம்பில் புதிதாக எதுவும் முளைத்துவிடவில்லை. தேடினார்கள், கிடைத்தது.

வாய் திறந்து சொல்லாதது உங்கள் தப்பு அம்மா என்று நீங்கள் கேட்கலாம். அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கம் எரிச்சல் என்றாலே சூடு. கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவு, வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கு, மோர் குடி, இளநீர் குடி. இந்த மலைக்குளிரில் உனக்கு எங்கேயிருந்து வந்தது சூடு என்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் செய்து பார்த்துக் கடைசியில்தான் உங்களிடம் வருகிறாள். வந்தவளும் "உடம்பு சூடு டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பாள். சொட்டுகிறது என்று அவளாகச் சொல்ல மாட்டாள். ஒன்றுக்குப் போய்விட்டு எழுந்த பிறகு துணி நனைகிறதா என்று நீங்கள் கேட்டால் கண்டிப்பாகச் சொல்வாள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் மிகக் குறைவு.

சாயங்காலத்தில் ஒரு கிளினிக் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா. டோக்கன், வெளியே பெஞ்சில் ஆட்கள், உள்ளே பாதித் திரை. டாக்டர் ஆண் என்றால் கூட நிற்க ஒரு பெண் ஊழியர் வேண்டும், அவர் மருந்து எடுத்துக் கொடுக்கப் போயிருப்பார். அந்த நேரத்தில் மேஜையில் ஏறிப் படுங்கள் என்று சொல்ல உங்களுக்குத் தயக்கம், ஏற எங்களுக்குத் தயக்கம். இரண்டு தயக்கமும் சேர்ந்து வருஷக்கணக்கைத் தின்றுவிடுகின்றன. திரையை முழுசாக இழுக்கிற மாதிரி மாட்டுவதும், பெண் ஊழியரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வதும் உங்கள் கையில் இருக்கிறது. எங்கள் கையில் இல்லை. இன்றைக்குக் கூட்டம், முடியாது என்றால் நாளைக் காலையில் வரச் சொல்லுங்கள். எதற்கு வரச் சொல்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டால் வருவோம்.

அடுத்தது டெஸ்ட். யூரின் டெஸ்டில் சில சமயம் சீழ் அணு இருக்கும், சில சமயம் சுத்தமாக இருக்கும். கல்ச்சரில் ஒரு முறை கிருமி வளரும், மறுமுறை வளராது. அடிவயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இந்தப் பை பெரும்பாலும் சிக்காது, அது இடுப்பெலும்புக்குப் பின்னால் தாழ்ந்து கிடக்கிறது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரும். அந்த நார்மலுக்கு வீட்டில் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்: இவளுக்கு ஒன்றுமில்லை, வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள். மனபாரம்தான் காரணம் என்று தூக்க மாத்திரை வாங்கிக்கொண்டு வந்த நாளும் எனக்கு உண்டு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றவரும் உண்டு. என் அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். எந்த டாக்டரும் தடுக்கவில்லை.

புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதாவிட்டால் கடிதம் அரைகுறையாகிவிடும். அந்த நேரத்து வலி சாதாரண வலி கிடையாது. வீங்கிச் சீழ் நிற்கிற இடத்தில் அழுத்தம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு முறை பல்லைக் கடித்துக்கொள்ளலாம், பத்து முறை முடியாது. விலகிப் படுக்க ஆரம்பிப்போம். அவருக்குக் காரணம் தெரியாது. நமக்கே தெரியாதபோது அவருக்கு எப்படிச் சொல்வது? சண்டை வரும், சந்தேகம் வரும், மாமியார் காது வரைக்கும் போகும். சில வீட்டில் பெண்ணைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிற அளவுக்கும் போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் பொறுமையானவர், தப்பித்தேன். ஆனால் ஒரு வியாதியின் முக்கியமான அடையாளம் ஒரு பெண்ணின் படுக்கை அறைக்குள் இருக்கிறது, அதைக் கேட்கிற உரிமை அவள் வீட்டுக்கு வெளியே உங்கள் ஒருவருக்குத்தான் இருக்கிறது. கூட வந்தவரை ஒரு நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஆண் டாக்டருக்குக் கூச்சமாக இருந்தால் நர்சை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் எஸ்டேட்டில் பழம் பறிக்கிற பெண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் பழம் சிவந்துவிட்டால் காலையில் காட்டுக்குள் இறங்கினவர்கள் சாயங்காலம் எடை போடும் வரைக்கும் அங்கேதான். தோட்டத் தொழிலாளருக்குக் கழிப்பிடம் கட்டாயம் என்பது 1951-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே சொல்லப்பட்டது, ஆனால் சரிவில் செடிகளுக்கு நடுவே நிற்கிற ஒருத்திக்கு அது எட்டுகிற தூரத்தில் இருக்காது. அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். கழிப்பிடம் இல்லாததால்தான் இந்தப் பை வருகிறது என்று நான் சொல்ல வரவில்லை. வந்துவிட்டால் அங்கே அது எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். சொட்டுகிற ஈரத்தோடு, மடித்து வைத்த பழந்துணியோடு, நாற்றம் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரிந்துவிடுமோ என்கிற பயத்தோடு நாள் முழுக்க நிற்க வேண்டும். வருகைப் பதிவேடு என் கையில்தான் இருக்கிறது. மாதா மாதம் இரண்டு நாள், மூன்று நாள் லீவு போடுகிற பெண்களை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் இதுதான் என்று எப்படிச் சொல்வது, யாருக்காவது இருந்தாலும் யார் பார்த்தார்கள்?

சரி, பரிசோதித்தீர்கள், கட்டி தட்டுப்பட்டது. உடனே அது இதுதான் என்று ஆகிவிடாது. சிறுநீர்த் துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுரப்பியில் நீர்க்கட்டி வரலாம், யோனிச் சுவரிலேயே கட்டி வரலாம், மூத்திரப்பை சரிந்து இறங்கியிருக்கலாம். எங்கள் ஊரில் கீழே ஏதாவது தட்டுப்பட்டாலே அடி இறங்கிவிட்டது என்பார்கள், அந்தப் பேச்சைக் கேட்டு நீங்களும் அப்படியே எழுதிவிட வேண்டாம். கட்டி கல்லு மாதிரி கெட்டியாக இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். பைக்குள் தேங்கிய நீரில் கல் உருவாவது உண்டு. அரிதாகப் புற்றுநோயும் வரும். அறுத்து எடுத்த பையை பயாப்சிக்கு அனுப்புவது அதற்காகத்தான்.

என்ன செய்தாலும் செய்யுங்கள், சீழ்க்கட்டி என்று நினைத்து கிளினிக்கில் வைத்துக் கீறிவிடாதீர்கள். இதை என் சர்ஜன் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். பை குழாயோடு ஒட்டி, குழாய்க்குள் வாய் வைத்துக்கொண்டு இருக்கிறது. யோனிப் பக்கமாகக் கீறினால் குழாயிலிருந்து யோனிக்கு நேராக ஒரு வழி திறந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. அப்புறம் சொட்டு நின்று ஒழுக்காகிவிடும், அடுத்து வருகிற டாக்டருக்கு வேலை இரண்டு மடங்காகும். சீழ் கோத்து உயிர் போகிற வலி என்றால் ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, வீக்கத்தை அடக்கிவிட்டு சிறுநீரியல் டாக்டரிடம் அனுப்புங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது, தனியாரிலும் சேலத்தில் இருக்கிறார்கள். அனுப்புகிற சீட்டில் "யூரித்ரல் டைவர்டிகுலமா என்று பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதுங்கள். வெறும் யூரின் இன்பெக்ஷன் என்று எழுதி அனுப்பினால் அங்கேயும் வரிசையில் நின்று இன்னொரு கல்ச்சர் கொடுத்துவிட்டு மலையேறி வருவோம்.

அங்கே முதலில் எடுப்பது எம்.ஆர்.ஐ. பை எங்கே இருக்கிறது, ஒன்றா இரண்டா, குழாயின் ஒரு பக்கம் மட்டுமா, இல்லை லாடம் மாதிரி வளைந்து சுற்றிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரிகிறது. என்னுடையது பாதி சுற்றியிருந்தது. படம் இல்லாமல் உள்ளே போயிருந்தால் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு மறு பக்கத்தை விட்டிருப்பார்கள். கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பையின் வாயைத் தேடியும் பார்ப்பார்கள், சில சமயம் தெரியும், சில சமயம் தெரியாது.

எல்லோருக்கும் கத்தி தேவைப்படாது. சின்னதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் கவனித்துக்கொண்டே வரலாம். கர்ப்பமாக இருக்கிறவளுக்குப் பெரும்பாலும் பிரசவம் முடியட்டும் என்று மாத்திரையிலேயே ஓட்டுவார்கள். தொந்தரவு தருகிற பை என்றால் எடுப்பதுதான் தீர்வு. துவாரத்துக்கு ரொம்பப் பக்கத்தில், வெளிமுனையில் இருக்கிற பையை மட்டும் வெட்டித் திறந்து யோனியோடு சேர்த்து விட்டுவிடுகிற எளிய முறை ஒன்று உண்டு. ஸ்பென்ஸ், டக்கெட் என்ற இருவர் 1970-இல் எழுதியது. நடுக்குழாயில் இருப்பதற்கு அதைச் செய்தால் சிறுநீரை அடக்கும் தசை கெட்டுப்போகும், அதனால் எல்லோருக்கும் பொருந்தாது.

என் சர்ஜன் ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார், அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வயிற்றில் கீறல் கிடையாது, எல்லாம் யோனி வழியாகத்தான். முன்சுவர்த் தோலை தலைகீழ் ப வடிவில் கீறி மடல் மாதிரித் தூக்குகிறார்கள். அதற்கடியில் குழாயைச் சுற்றி ஒரு சவ்வு, அதைக் குறுக்கே பிரித்து, பையைச் சுற்றிலும் விடுவித்துக்கொண்டே குழாயில் அதன் வாய் இருக்கிற இடம் வரைக்கும் போகிறார்கள். பையை வாயோடு சேர்த்து எடுத்த பிறகு, உள்ளே ரப்பர் டியூப் இருக்கும்போதே குழாயின் ஓட்டையைத் தைக்கிறார்கள். அதன் மேல் சவ்வு, அதன் மேல் தோல். மூன்று அடுக்குத் தையலும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் வேறு வேறு திசையில் வர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமான நுணுக்கமாம். தையல் ஒரே கோட்டில் விழுந்தால் சிறுநீர் அதே கோட்டில் வழி கண்டுபிடித்து வெளியே வந்துவிடும். நூல் தானாகக் கரைகிற நூல். திசு மெலிந்து போயிருந்தாலோ, இரண்டாவது முறை செய்கிற ஆபரேஷன் என்றாலோ, வெளி உதட்டிலிருந்து கொஞ்சம் கொழுப்பை ரத்த ஓட்டத்தோடு திருப்பிக் கொண்டுவந்து நடுவில் வைத்துத் தைப்பார்கள். மார்ட்டியஸ் என்ற ஜெர்மன் டாக்டர் 1928-இல் சொன்னது, இன்றைக்கும் அதையேதான் செய்கிறார்கள். குழாயை முழுசாகச் சுற்றிக்கொண்ட பை என்றால் குழாயையே வெட்டி மறுபடி சேர்க்க வேண்டியும் வரலாம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, எனக்குச் சொன்ன மாதிரி எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அவர் ஆபத்தையும் மறைக்கவில்லை. உலகம் முழுக்க வெளியான கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் பை திரும்பி வருவது நூற்றுக்கு 1 முதல் 25 பேர் வரை, குழாய்க்கும் யோனிக்கும் நடுவே ஓட்டை விழுவது 1 முதல் 8 பேர் வரை, இருமினால் தும்மினால் கசிவது 2 முதல் 16 பேர் வரை என்று இருக்கிறது. 1-க்கும் 25-க்கும் நடுவே எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று கேட்டேன். பையின் அளவு, இருக்கிற இடம், முன்பே கத்தி பட்டதா, செய்கிறவர் கை எவ்வளவு பழகியது, எல்லாமே அதில் இருக்கிறது என்றார். முதல் ஆபரேஷன்தான் நல்ல வாய்ப்பு. ஆகவே உங்கள் ஊரிலேயே எப்போதாவது ஒன்று செய்கிறவரிடம் அனுப்புவதைவிட, இதை அடிக்கடி செய்கிறவர் யார் என்று விசாரித்து அவரிடம் அனுப்புங்கள், கொஞ்சம் தூரமானாலும் சரி. லேடி டாக்டர்தான் வேண்டும் என்று நானும் பிடிவாதம் பிடித்துப் பார்த்தேன். கை பழகினவர் ஆணோ பெண்ணோ, அவர்தான் டாக்டர்.

ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பதில்தான் உங்கள் எல்லோருக்கும், அதிலும் நர்சம்மாக்களுக்கு, பெரிய பங்கு இருக்கிறது. சிறுநீர் வடிகிற டியூபோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இரண்டு மூன்று வாரம் இருக்கும். சிறுநீர் சேர்வதற்காகத் தொடையில் கட்டின பிளாஸ்டிக் பையோடு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் டியூப் இழுபடக் கூடாது, பை மூத்திரப்பைக்குக் கீழேயே தொங்க வேண்டும், பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கவும் கூடாது. வீட்டுக்கு வந்தால் அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும், டியூபைச் சுற்றி ஒழுகும். தையல் விட்டுப்போச்சு என்று அலறிவிடுவோம். அது மூத்திரப்பை இழுத்துப் பிடிப்பது, அதற்கு மாத்திரை இருக்கிறது, டியூப் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்ல ஆள் இருந்தால் பாதி பயம் போய்விடும். ஆனால் டியூபில் ஒன்றுமே வரவில்லை, காய்ச்சல், ரத்தக்கட்டி என்றால் அன்றைக்கே கீழே அனுப்ப வேண்டும். டியூபை யாரும் அவசரப்பட்டுக் கழற்றிவிடவும் கூடாது. அதை எடுப்பதற்கு முன் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். கசிந்தால் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அதன் அருமை தெரியும். அப்படி வருகிறவர்கள் டியூபோடு படுத்திருக்கும் பெண்ணையும் வாரம் ஒரு முறை எட்டிப் பார்க்க முடியாதா? மாவட்ட சுகாதார அதிகாரி இதைப் படித்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண்ணின் ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போனால் போதும்.

இன்னும் இரண்டு விஷயத்தை டிஸ்சார்ஜ் அன்றைக்குப் புருஷனையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். குறைந்தது ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம், சேரக் கூடாது. பெண்டாட்டி போய்ச் சொன்னால் சாக்கு என்பார், டாக்டர் சொன்னால் கேட்பார். அதே மாதிரி சுமை தூக்கக் கூடாது என்பதைத் தமிழில், வேலை கொடுக்கிறவருக்குக் காட்டுகிற மாதிரி ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். மூட்டை தூக்காத வேலை என்று ஒரு வரி இருந்தால் என்னைப் போல ஆபீசில் இருக்கிறவர்கள் அவளைக் காயப்போடுகிற களத்துக்கோ தரம் பிரிக்கிற இடத்துக்கோ மாற்றிப் போடலாம். சீட்டு இல்லாவிட்டால் எங்களுக்கும் கை கட்டிப் போய்விடுகிறது, அவளும் வாயைத் திறக்க மாட்டாள், நாலாவது வாரமே கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பாள்.

மே மாதம் இங்கே சேர்வராயன் கோயில் திருவிழா வரும், கோடை விழாவும் வரும், மருத்துவ முகாம் போடுவதற்குத் தோதான நேரம். சுகரும் பிரஷரும் மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் ஓரமாக ஒரு மூடின இடம், ஒரு படுக்கை, ஒரு பெண் டாக்டர் அல்லது பழகின நர்ஸ் என்று ஏற்பாடு செய்யுங்கள். பெண்கள் வருவார்களா என்று சந்தேகம் வேண்டாம். நாகலூர்ப் பக்கமோ வெள்ளக்கடைப் பக்கமோ எங்கே போட்டாலும் முன்கூட்டியே எஸ்டேட்டுக்குச் சொல்லி அனுப்பினால், அன்றைக்கு அரை நாள் கூலி பிடிக்காமல் பதிவேட்டில் எழுத நான் மேனேஜரிடம் பேசுகிறேன், கூட்டிக்கொண்டும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவள்